அம்மணிக்குப் பார்த்த வீடு

வீடு பார்க்கப் போகிற இடத்தில் வீட்டுக்காரர்கள் கேள்வி கேட்பது பகவதிக்குப் பழகிப்போயிருந்தது. சிக்கந்தராபாத் ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு லாட்ஜில் தங்கிக்கொண்டு, பதினோரு நாளாக அவளும் கணவர் சிவஞானமும் மகள் கோமுவைக் கையில் பிடித்தபடி சிக்கடபள்ளி, மாரெட்பள்ளி, மல்காஜ்கிரி என்று படி ஏறி இறங்கியிருந்தார்கள். எல்லா வாசலிலும் ஒரே கேள்விகள்தாம். எந்த ஊர், என்ன ஆட்கள், கறி மீன் உண்டா, ஊரிலிருந்து ஜனம் வந்து வந்து தங்குமா. போவன்பள்ளியில் அந்த ஓட்டு வீட்டுக்காரி இதில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை.

"உங்க வீட்டுக்காரரு கொழந்தைய அடிப்பாருங்களா?" என்றுதான் முதலில் கேட்டாள்.

சிவஞானம் சிரித்துவிட்டார். பகவதிக்குச் சிரிப்பு வரவில்லை. "அவுக கைய ஓங்கமாட்டாவ. அடிக்கதுன்னா நாந்தான்" என்றாள்.

"அம்மா அடிச்சாப் பரவால்லீங்க" என்றாள் அந்தப் பெண்.

அவள் பெயர் சாந்தா. பொள்ளாச்சிப் பக்கம். கணவர் சந்திரமோகனுக்குத் திருமலகிரியில் ராணுவ ஸ்டோரில் வேலை; இந்த ஊருக்கு வந்து பதினைந்து வருஷமாகிறது. நாற்பது வயதுக்கு மேலிருக்காது, ஆனால் தலை பாதி நரைத்திருந்தது. சிவஞானம் திருச்சி தொழிற்சாலையிலிருந்து ராமச்சந்திராபுரத்துக்கு மாற்றலாகி வந்திருப்பதையும், குவார்ட்டர்ஸுக்குப் பெயர் எழுதி வைத்திருப்பதையும், கிடைக்க ஆறு மாதமோ எட்டு மாதமோ ஆகும் என்பதையும் அவள் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். குவார்ட்டர்ஸில் எத்தனை அறை? பக்கத்திலேயே பள்ளிக்கூடம் உண்டா? காய்ச்சல் கண்டால் ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்? பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற இடத்தைப் பற்றி விசாரிப்பதுபோல இருந்தது. தொழிற்சாலையைப் பற்றிப் பேசச் சொன்னால் சிவஞானத்துக்குச் சோறே வேண்டாம். டவுன்ஷிப், பள்ளிக்கூடம், விளையாட்டு மைதானம், மரம் நட்ட ரோடு என்று அவர் சொல்லச் சொல்ல, அவள் கண்ணை எடுக்காமல் கோமுவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எட்டு வயசுங்களா?"

"வர்ற ஆவணிக்கு எட்டு."

"மூணாவதுதானுங்களே? நம்ம மிஷன் ஸ்கூல்ல மூணாவதுல ஒரு எடம் இருக்குங்க. நான் சொன்னாக் குடுப்பாங்க."

அந்த ஒரு வார்த்தையில் எல்லாம் முடிந்துவிட்டது. எழுபத்தாறாம் வருஷம் ஜூன் மாதம் அது. நான்கு பள்ளிக்கூடங்களில் இடமில்லை என்று சொல்லியிருந்தார்கள். இங்கே வற்றாத கிணறு இருந்தது. காலை ஆறரைக்குத் தொழிற்சாலை பஸ் தெருமுனையிலேயே நின்றது. பள்ளிக்கூடம் பத்து நிமிஷ நடை. இதற்கு மேல் என்ன வேண்டும் என்றார் சிவஞானம்.

வீட்டின் முன்பாதியில் சாந்தாவும் சந்திரமோகனும். நடுவில் இரண்டு அறையும் சமையலறையும் இவர்களுக்கு. சமையலறைச் சுவருக்கு அந்தப் பக்கம், கொல்லையைப் பார்த்தாற்போல் இன்னும் ஓர் அறை இருந்தது. அதற்குக் கொல்லைப்பக்கம் மட்டும்தான் கதவு, அதில் ஒரு பூட்டு. பக்கத்தில் மரச்சட்டம் அடித்த சிறிய ஜன்னல். பழைய சாமான் கிடக்கிறது என்றாள் சாந்தா.

கோமு வாயாடி. எங்கேயோ ஏறி விழுந்ததில் புருவத்தில் ஒரு தழும்பு. தெருமுனையிலிருந்தே "யம்மோவ்" என்று நீட்டிக் கூப்பிட்டுக்கொண்டுதான் வருவாள். அந்த ஓகாரம் வாசலைத் தாண்டி அடுப்படிவரை வந்து விழும். புளியைத் திருடித் தின்பாள். பொய் சொல்லுவாள், பிடிபட்டால் அதற்கு மேல் ஒரு பொய் சொல்லுவாள். வந்த பத்தாம் நாளே தெலுங்கில் நாலு வார்த்தை பிடித்துக்கொண்டு தாய்க்கு மொழிபெயர்க்கத் தொடங்கிவிட்டாள். காய்கறிக் கூடையோடு வரும் நாகம்மாவிடம் பகவதி கையைக் காட்டுவாள், கோமு பேசுவாள். மகள் பள்ளிக்கூடம் போய்விட்டால் பகவதிக்கு இந்த ஊரில் வாயும் கிடையாது, காதும் கிடையாது.

அப்படி வாயும் காதும் இல்லாமல் உட்கார்ந்திருந்த ஒரு மத்தியானத்தில்தான் அவள் அதை முதலில் கேட்டாள். சாப்பாடு முடிந்து, பாத்திரங்களைக் கவிழ்த்துவிட்டு, ஷாபாத் கல் பாவிய சமையலறைத் தரையின் குளிர்ச்சிக்காக அங்கேயே தலையைச் சாய்த்திருந்தாள். வெளியே சீத்தாமரத்தில் ஓர் அணில் விட்டு விட்டுக் கத்திக்கொண்டிருந்தது. கிணற்றடி ஈரத்தின் வாடையும் மண்ணெண்ணெய் அடுப்பின் வாடையும் கலந்து வந்தன. அணில் நின்றது. அப்புறம் சுவருக்குள்ளிருந்து, காதுக்கு ஒரு சாண் தூரத்தில், சிலேட்டில் குச்சி உரசுகிற சத்தம். எழுதுவது, நிறுத்துவது, எச்சில் தொட்டு அழிப்பது, மறுபடி எழுதுவது. கூடவே ஒரு சின்னக் குரல் ராகம் போட்டு முணுமுணுத்தது. "ஓரெண்டு ரெண்டுங்க. ஈரெண்டு நாலுங்க. மூவெண்டு ஆறுங்க."

பக்கத்து வீட்டுப் பிள்ளையாக இருக்கும் என்று நினைத்தாள். அந்தப் பக்கம் வீடு இல்லை, பாறைதான் என்பது அன்று சாயங்காலம் துணி உலர்த்தும்போதுதான் உறைத்தது.

மறுநாளும் கேட்டது. அதே நேரத்தில்தான் சாந்தா ஒரு கிண்ணத்தில் பருப்புச் சோறு பிசைந்து எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள்.

"அந்த ரூம்ல யாரும் இருக்காவளா?" என்று பகவதி கேட்டாள்.

"ஆருமில்லீங்க."

"சோறு?"

"காக்காய்க்குங்க" என்றாள் சாந்தா. திரும்பி வந்தபோது கிண்ணம் கழுவினதுபோல் இருந்தது.

ஜூலைக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சாமிக்கு வைத்திருந்த கற்கண்டைக் கோமு எடுத்துத் தின்றுவிட்டு, சாந்தா அத்தைதான் எடுத்தாள் என்று கூசாமல் சொன்னாள். பகவதிக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு கோபம் வந்ததோ. முதுகில் இரண்டு வைத்தாள். "சவமே, உன்னைய எவளாவது கொண்டுக்கிட்டுப் போவட்டும். எனக்கு வேண்டாம்" என்று கத்தி, கொல்லையில் தள்ளிக் கதவைத் தாழிட்டாள். எந்தத் தாயும் சொல்லுகிற வார்த்தைதான். அரைமணி கழித்துத் திறந்து பார்த்தபோது கோமு பூட்டிய அறையின் ஜன்னலருகே, சட்டத்தில் காதை வைத்து நின்றுகொண்டிருந்தாள். கிணற்றுச் சுவரில் சாந்தா உட்கார்ந்திருந்தாள். அவள் கோமுவைப் பார்க்கவில்லை. பகவதியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேண்டாம்னுட்டீங்களே" என்றாள் மெல்ல.

"கோவத்துல சொன்னது" என்றாள் பகவதி.

"சொன்னது சொன்னதுதானுங்களே."

அன்று இரவு கோமு சாப்பிட மறுத்துத் தூங்கிப்போனாள். காலையில் எழுந்து, தானே தலை வாரிக்கொண்டு, தாயிடம் வந்து நின்றாள். "என்ற சிலேட்டு பொடக்காணில கெடக்குதா?" என்று கேட்டாள்.

"எங்கன?"

"பொடக்காணில" என்று கொல்லைப்பக்கம் கையைக் காட்டினாள் மகள்.

பகவதி அந்தச் சொல்லைப் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை.

அன்றைக்கு அதைச் சிரித்துக்கொண்டேதான் சிவஞானத்திடம் சொன்னாள். பத்து நாளில் சிரிப்பு நின்றுவிட்டது. கோமு "யம்மா" என்பதை விட்டு "அம்மா" என்றாள். "வாறேன்" போய் "வாரனுங்க" வந்தது. தெருமுனையிலிருந்து யாரும் கூப்பிடவில்லை. பள்ளிக்கூடம் விட்டு எப்போது வந்தாள் என்றே தெரியாமல் திரும்பிப் பார்த்தால் பின்னால் நிற்பாள். கற்கண்டு டப்பாவைத் திறந்து வைத்தாலும் தொடுவதில்லை. தட்டை அவளே கழுவி வைத்தாள். பரீட்சையில் முதலாவதாக வந்தாள்.

"ஊர் மாறினா பேச்சும் மாறத்தான் செய்யும். எந்நேரமும் அந்த அம்மாகிட்டயே கெடக்கா, அவுக பாசை ஒட்டுது. இதுல என்ன இருக்கு?" என்றார் சிவஞானம்.

"நடையும் மாறுமா? அவ நடக்கதப் பாத்தியளா?"

"முந்தி அடங்காப்பிடாரின்னு அழுத. இப்ப புள்ள தங்கமா இருக்கா, அதுக்கும் அழுத. உனக்கு என்னதான் வேணும்?"

அவருக்கு இந்தப் பெண்ணைத்தான் பிடித்திருக்கிறது என்பது பகவதிக்கு அப்போது புரிந்தது.

ஒருநாள் காலை நாகம்மா கத்திரிக்காயை நிறுத்துக்கொண்டே கோமுவிடம் ஏதோ கேட்டாள். கோமு பகவதியைக் காட்டி, "மா இன்ட்லோ அத்தெகு உன்டுன்னாரு" என்றாள். பகவதிக்குத் தெலுங்கு வராது. ஆனால் வீடு தேடி அலைந்த பதினோரு நாளில் அத்தெ என்றால் வாடகை என்று படித்திருந்தாள். இன்ட்லோ என்றால் வீட்டில். எங்கள் வீட்டில் வாடகைக்கு இருக்கிறார்கள். நாகம்மா கையில் கத்திரிக்காயோடு சிறுமியையே பார்த்தாள். பிறகு நெற்றியையும் மார்பையும் தொட்டுக்கொண்டு, நிறுத்த காயைக் கூடையிலேயே கொட்டிக்கொண்டு எழுந்து போனாள். மறுநாளிலிருந்து அவள் அந்த வாசலில் நிற்கவில்லை. கூப்பிட்டால் நடையை எட்டிப் போட்டாள். தெருவில் மற்றப் பெண்களும் அப்படியே. பகவதி குழாயடிப் பக்கம் போனால் பேச்சு நின்றது. அவள் போனதும் தொடர்ந்தது.

செப்டம்பரில் ஒரு சாயங்காலம், சந்திரமோகன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். அதிகம் பேசாத மனிதர். கோமுவின் பக்கம் தலையைத் திருப்பக்கூட மாட்டார். அன்று அவள் படியில் நின்று, "வந்துட்டீங்களாப்பா?" என்று கேட்டாள்.

சைக்கிள் கீழே விழுந்தது. சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, மனைவியைப் பார்த்து, "என்ன காரியம்டி பண்ணிப்போட்ட" என்றார். சாந்தா சைக்கிளைத் தூக்கி நிறுத்தினாள். மறுநாள் விடியுமுன் ஒரு டிரங்குப் பெட்டியோடு ஊருக்குக் கிளம்பிப் போனவர், திரும்பி வரவில்லை.

அதற்கப்புறம் பகவதி சமையலறைச் சுவருக்கு முதுகு காட்டி உட்காருவதை விட்டுவிட்டாள். சிலேட்டுச் சத்தம் ஜூலையோடு நின்றிருந்தது. அதற்குப் பதில் வேறு சத்தங்கள். காலால் கதவை உதைப்பதுபோல. நகத்தால் சுண்ணாம்பைச் சுரண்டுவதுபோல. விசும்பல்போல. காற்றாக இருக்கும், எலியாக இருக்கும், ஊர்ப்பயம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்துக்கொண்டாள். ஆயுத பூஜை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த மறுநாள். மத்தியானம் இரண்டு மணி. கோமு பள்ளிக்கூடத்தில். பகவதி அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"யம்மோவ்."

கை அரிசிக்குள் நின்றது.

நீண்ட ஓகாரம். வாசலைத் தாண்டி அடுப்படியில் வந்து விழுகிற அதே ஓகாரம். ஆனால் வாசலிலிருந்து வரவில்லை.

"யம்மோவ். இங்கன இருட்டா இருக்கு."

அவள் பாத்திரத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். கொல்லைக்கு அல்ல. பள்ளிக்கூடத்துக்கு. செருப்பில்லாமல், ஈரக்கையோடு, வெயிலில் பத்து நிமிஷ நடையை ஓடிக் கடந்து, மூன்றாம் வகுப்பு ஜன்னலில் மூச்சு வாங்க நின்று பார்த்தாள். மகள் இருந்தாள். இரண்டாம் பெஞ்சில் ஓரத்தில், முதுகை நிமிர்த்தி, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஜன்னலில் தாயைக் கண்டாள். எந்தக் குழந்தையும் செய்கிறதை அவள் செய்யவில்லை. சிரிக்கவில்லை, எழவில்லை, கையசைக்கவில்லை. பார்த்துவிட்டுக் கரும்பலகைக்குத் திரும்பிக்கொண்டாள்.

வகுப்பில் இருந்தவள் கல்பகம் டீச்சர். மூன்று தலைமுறையாகச் சிக்கந்தராபாத்துக்காரர்கள்; பேச்சில் ஊர் உருதுவும் கலந்து வரும். வெளியே வந்து, பகவதியை ஸ்டாஃப் ரூம் பெஞ்சில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள்.

"கைக்கு, எதுக்கு இப்படி ஓடி வரேள்? உங்க பொண்ணு நன்னாத்தானே இருக்கா."

"டீச்சர், அவ மொதல்ல எப்படிப் பேசினா, இப்ப எப்படிப் பேசுதா, நீங்களே சொல்லுங்க."

டீச்சர் டம்ளரைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"எந்தாத்துல இருக்கேள் நீங்க?"

"சாந்தான்னு ஒரு அம்மா வீடு. ஓட்டு வீடு. பாறைக்கு முன்னால."

"ஹவ், தெரியும்" என்றாள் டீச்சர், பாதி மூச்சில். "அந்த அம்மாவோட பொண்ணு இந்தக் கிளாஸ்தான். மூணு வருஷம் முன்னால. அம்மணின்னு பேர். ரெண்டாம் பெஞ்ச், ஓரம். கெட்டிக்காரி. மஞ்சக்காமாலை வந்து, அந்தாத்துப் பின்கட்டு ரூம்லயே போயிட்டா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறதுக்குள்ள." டம்ளரைக் கையில் உருட்டினாள். "அப்புறம் அந்த அம்மா மூணு குடித்தனம் வெச்சா. மொதக் குடித்தனத்துல பையன். அடுத்ததுல பொண்ணு ரொம்பச் சின்னது. அதுக்கடுத்தவா பொண்ணு சரியான வயசுதான், அப்பன் குடிகாரன். மூணு பேரையும் மாசம் திரும்பறதுக்குள்ள காலி பண்ணச் சொல்லிட்டா. நீங்க நாலு மாசமா இருக்கேள்."

பகவதி பெஞ்சிலிருந்து எழுந்தாள்.

"போயிடுங்கோ" என்றாள் டீச்சர். "வேற ஒண்ணும் எனக்குத் தெரியாது. கேக்காதேங்கோ. நக்கோ."

வீட்டுக்குத் திரும்பியதும் பகவதி பெட்டியைக் கட்டத் தொடங்கினாள். பஸ்ஸை விட்டு இறங்கி வந்த சிவஞானம் ஒரு காகிதத்தை உயர்த்திப் பிடித்துக்கொண்டே நுழைந்தார். குவார்ட்டர்ஸ் வந்துவிட்டது. எதிர்பார்த்ததற்கு இரண்டு மாதம் முன்னதாக. அவள் அழுதுவிட்டாள். சந்தோஷத்தில் என்று அவர் நினைத்தார். இந்த வீட்டைவிட்டு வெளியே கொண்டுபோய்விட்டால் எல்லாம் விட்டுப்போகும், பேச்சு திரும்பும், நடை திரும்பும், புளி திருடுகிற கை திரும்பும் என்று அவள் நம்பினாள். எதையாவது நம்பித்தானே ஆக வேண்டும்?

சனிக்கிழமை மூன்று மணிக்கு லாரி வந்தது. கட்டில், டிரங்குகள், தையல் மெஷின் எல்லாம் ஏறின. சிவஞானம் கோமுவைத் தூக்கி முன்சீட்டில் உட்கார வைத்தார். அவள் பாவாடையை இழுத்துவிட்டுக்கொண்டு, மடியில் கைகளை வைத்து, நேராகப் பார்த்தபடி இருந்தாள். பகவதி கடைசியாக ஒரு தரம் வீட்டைக் கூட்டிவிட்டு வரலாம் என்று உள்ளே போனாள். காலி வீட்டில் துடைப்பத்தின் சத்தம் பெரிதாகக் கேட்டது. முன்னறையைக் கூட்டினாள். நடுவறையைக் கூட்டினாள். சமையலறைக்கு வந்தாள்.

"யம்மோவ்."

துடைப்பம் விழுந்தது.

"யம்மா, லாரி வந்துட்டு. என்னையத் தூக்கி உடு."

இந்தத் தடவை கொல்லைக்கு ஓடினாள். பூட்டைப் பிடித்து ஆட்டினாள். கல்லை எடுத்து அடித்தாள். பின்னால் சாவிக்கொத்துச் சத்தம். சாந்தா நின்றிருந்தாள். ஓரமாக ஒதுங்கச் சொல்லி, தானே திறந்துவிட்டாள்.

"பாருங்க. உள்ள ஆருமில்லீங்க."

ஆறடிக்கு எட்டடி. ஒரு கயிற்றுக் கட்டில். மடித்து வைத்த ஒரு பள்ளிக்கூட உடுப்பு. ஒரு சிலேட்டு. கிண்ணத்தில் பிசைந்த சோறு, பாதி தின்றது. புழுங்கிய துணியும் சுண்ணாம்பும் கலந்த வாடை. கதவுக்குப் பின்னால் யாருமில்லை. கட்டிலுக்கு அடியில் யாருமில்லை. சுவரில் ஒரு குழந்தையின் இடுப்பு உயரத்துக்குச் சுண்ணாம்பு முழுக்கச் சுரண்டியிருந்தது.

"யம்மா."

காலடியில்.

அவளுடைய முந்தானை கீழ்ப்பக்கமாக இழுபட்டது. ஒரு தரம். இன்னொரு தரம். கைப்பிடி அளவு துணி சுருங்கி, முடிச்சுப்போல் நின்றது. பகவதி குனிந்தாள். கையை நீட்டினாள். துணியின் அந்தச் சுருக்கத்தைத் தொட்டாள். சில்லென்றிருந்தது. அதைச் சுற்றி ஒன்றுமில்லை.

"கோமு. ஏட்டி கோமு."

"நான் இனிமே பொய் சொல்லமாட்டேம்மா."

"கெளம்பல?" என்று சிவஞானம் வந்துவிட்டார். மனைவி காலி அறையில் மண்டியிட்டு வெறுந்தரையைத் தடவிக்கொண்டிருந்ததைப் பார்த்தார். அவருடைய காதில் ஒன்றும் விழவில்லை. எழுப்பினார். அவள் வர மறுத்தாள். கட்டிலைப் பற்றிக்கொண்டாள். "எம்புள்ள இங்கன இருக்கா, இங்கன இருக்கா" என்றாள். "புள்ள லாரில இருக்குட்டி, உனக்கு என்ன புடிச்சிருக்கு?" என்று அவர் அதட்டினார், அப்புறம் கெஞ்சினார், அப்புறம் லாரிக்காரர்களில் ஒருவனைக் கூப்பிட்டார். இரண்டு பேர் சேர்ந்து அவளை வெளியே கொண்டுவந்தார்கள். முந்தானை பின்னால் விறைப்பாக நீண்டு வந்தது, யாரோ தொங்கிக்கொண்டு வருகிற மாதிரி. அறையின் நிலைப்படிவரை வந்தது. நிலைப்படியில் விட்டுப்போயிற்று.

லாரியின் அருகே சாந்தா வந்து நின்றாள். முன்சீட்டிலிருந்த சிறுமியின் கன்னத்தை ஒரு விரலால் தொட்டாள். அவள் கண் கலங்கியிருந்தது. பகவதியிடம் தணிந்த குரலில், ஒரு தாய் இன்னொரு தாயிடம் சொல்வதுபோலச் சொன்னாள்.

"நல்லாப் படிக்க வெய்ங்க. கத்திரிக்கா ஒத்துக்காதுங்க. ராத்திரி வெளக்க முழுசா அணைக்காதீங்க, பயந்துக்குவா." கொல்லைப் பக்கம் கையைக் காட்டினாள். "இதை நான் பாத்துக்கறேன். நேரத்துக்குச் சோறு போட்டுர்றேன்."

பகவதியையும் ஏற்றிக்கொண்டு லாரி புறப்பட்டது. பகவதி கதவைத் திறக்கப் பார்த்தாள். சிவஞானம் அவள் தோளைச் சுற்றிக் கை போட்டு இறுக்கிக்கொண்டார். பின்னால் வீட்டுக்குள்ளிருந்து அது வந்தது. தெரு முழுக்க வந்தது. சந்தையிலும் திருவிழாவிலும் எத்தனையோ தடவை அவளைத் தேடிக் கண்டுபிடித்த குரல்.

"யம்மோவ்... என்னைய விட்டுட்டுப் போறியளே... யம்மோவ்..."

டிரைவர் கியரை மாற்றினான். சிவஞானம் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பகவதியின் மடியில் ஏறி உட்கார்ந்த சிறுமி, அவள் பக்கம் திரும்பினாள். கோமுவின் முகம். கோமுவின் புருவத்தழும்பு. இரண்டு சின்னக் கைகளையும் தூக்கி, பகவதியின் இரண்டு காதுகளையும் மெதுவாகப் பொத்தினாள். உள்ளங்கைகள் ஈரமாக, குளிர்ந்து இருந்தன.

"கேக்காதீங்கம்மா" என்றாள், காதோரமாகக் குனிந்து, மிகவும் அன்பாக. "மொதல்ல அப்படித்தான் கத்துவா. நானும் கத்துனனுங்க. பொறகு பழகிப்போயிரும்."

விரல்களின் இடுக்கு வழியாக அது இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது.